அது ஊர்ப் பாட்டு இல்லை

1

இந்தக் கதை ஒரு வக்கீல் ஆபீசில் தொடங்கியது. கதைகள் அங்கே தொடங்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பொய் சொல்லித் தொடங்க விரும்பவில்லை. பொய் பின்னால் வருகிறது. அதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், மாடிப்படி ஏறினால் அட்வகேட் ஷிஜாவின் அறை. அங்கே மூன்று நாற்காலிகள். ஒன்றில் ஷிஜா, ஒன்றில் என் மனைவியின் தங்கை நீலாம்பாள், மூன்றாவதில் நான். ஷிஜா ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "சாரே, இதை வாயிச்சு நோக்கி ஒப்பு போட்டா மதி" என்றாள். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து, மதி என்றால் போதும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. "யோசிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துக் கரமனைக்கு வந்துவிட்டேன். வந்தவன் யோசிப்பதற்குப் பதிலாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கோலப்பன். பூதப்பாண்டியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கரமனை அக்ரஹாரத்தில் இருக்கும் குடும்பம். கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றியும் பின்னால்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1973-ஆம் ஆண்டு வைகாசி மாதம், பெண் வீட்டார் பந்தலில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் தகப்பனார் பிரம்மஸ்ரீ பூதலிங்கய்யர் அவர்கள் சுவாமி தரிசனத்துக்காக—"

வெட்டிவிட்டேன். பூதலிங்கய்யர் என் தகப்பனார். மாப்பிள்ளை நான். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை அதை முடித்து அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"நீலாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். சிறு வயதிலிருந்தே வாய்த் துடுக்கு அதிகம். யாரையும் மதிக்கமாட்டாள்—"

இதையும் வெட்டினேன். வெட்டக் காரணம் நியாய உணர்ச்சி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி ஜெயலக்ஷ்மி பின்னால் வந்து நின்று படித்துவிட்டாள்.

"யார் மதிக்கமாட்டா? அம்பது வருஷமா உங்களை அத்திம்பேர் அத்திம்பேர்னு எழுந்து நிக்கறாளே, அவளா?"

"கதை இது. பாத்திரம்."

"பாத்திரம்னா தேய்ச்சுட்டு வையுங்கோ."

(கதாபாத்திரமாக நீலாம்பாளை எனக்குக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளை அடங்காப்பிடாரி ஆக்கினால் கதை எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவள் அப்படி இல்லை. பாங்கில் வேலை பார்த்தவள், மரியாதைக்காரி. பாட்டென்று வந்தால் மட்டும் வேறு ஆள்.)

3

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும்.

எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தம் முடிந்து மத்தியானம் நலங்கு உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் பாயில் உட்கார்ந்து தேங்காய் உருட்டுவார்கள், அப்பளம் உடைப்பார்கள். அப்போது பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரை ஏசிப் பாடுவார்கள். சம்பந்தி ஏசல் என்று பெயர். மாமியாரின் மூக்கு, மாமனாரின் கஞ்சத்தனம், நாத்தனாரின் நடை எதுவும் தப்பாது. சம்பந்தி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி.

இன்னொரு விதியும் உண்டு. இந்த வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. சம்பந்தி யாராவது கோபப்பட்டு, "இந்தப் பாட்டைக் கட்டினது யார்?" என்று கேட்டால், பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஊர்ப் பாட்டு" என்று சொல்லிவிட வேண்டும். கட்டினவள் பெயரைச் சொல்லவே கூடாது. சொன்னால் கல்யாணப் பெண் புகுந்த வீட்டில் அதற்கு வருஷக்கணக்கில் பதில் சொல்ல வேண்டிவரும். கட்டினவள் கல்யாணமாகாதவளாக இருந்தால் அவளுக்கு வரன் அமையாது. அதனால் பாட்டுக்குத் தாய் தகப்பன் கிடையாது, ஊர்தான் பெற்றது. பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி. நல்ல விதி என்றுதான் நானும் இதுவரை நினைத்திருந்தேன்.

நீலாம்பாள் என் கல்யாணத்தன்று மத்தியானம் என் தகப்பனாரைப் பற்றி எட்டு அடியில் ஓர் ஏசல் கட்டினாள். காலையில் நடந்ததை மத்தியானத்துக்குள் பாட்டாக்கிவிட்டாள். அந்தப் பாட்டு இன்றுவரை கரமனையில் எந்தக் கல்யாணத்திலும் பாடாமல் விட்டதில்லை. மூன்றாம் அடி வரும்போது நான் செருப்பைத் தேடுவேன். நாலாம் அடி தொடங்குவதற்குள் கை அலம்ப எழுந்து போய்விடுவேன். ஐம்பது வருஷ வழக்கம். சின்னப் பிள்ளைகள் எல்லாம் "நாலாம் அடி வரப்போறது, தாத்தா எழுந்துண்டாச்சு" என்று சொல்லுகிற அளவுக்கு.

பாட்டு இதுதான்:

*

*

(இங்கே எட்டு அடி வர வேண்டும். வரவில்லை. காரணம் ஏழாம் பகுதியில்.)

4

சென்ற ஆவணியில் நீலாம்பாளின் பேத்தி மீனுவுக்குக் கல்யாணம். நலங்கில் எல்லோரும் கேட்டதால் நீலாம்பாள் அந்தப் பாட்டைப் பாடினாள். நான் கை அலம்பப் போனேன். மீனு அந்த வீடியோவை இணையத்தில் போட்டாள். மறுநாள் படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கீழே ஓர் அறிவிப்பு: இந்தப் பாட்டின் உரிமை இன்ன கம்பெனிக்குச் சொந்தம்.

கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த மரியாதைகூட எதற்கு?

மீனு போனில் தேடிப் பார்த்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். யாரோ ஒரு பெண் தலையில் பூச்சுற்றி, கிடாருடன், அதே பாட்டைப் பாடுகிறாள். மெட்டு அதே மெட்டு. "பாரம்பரியம்" என்று போட்டிருக்கிறது. நீலாம்பாள் முழுவதும் கேட்டாள்.

"என் பாட்டை நான் திருடிட்டேனாம், அத்திம்பேரே" என்றாள்.

அதற்குள் மீனு, "எந்தா சித்தி இது, அம்மம்மாவோட பாட்டாக்கும் இது, நம்மள் கேஸ் கொடுக்கணும்" என்று யாரையோ போனில் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் பாட்டில் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அடியில் ஓர் ஊர் வரும், கரமனைக்குப் பக்கத்தில் எங்கள் ரயிலடி. தம்பானூர். அதை அந்தக் கிடார்ப் பெண் "தஞ்சாவூர்" என்று பாடினாள்.

5

கம்பெனிக்குப் பாட்டு எப்படிப் போனது என்பது பெரிய மர்மம் இல்லை. சில வருஷம் முன்பு ரேஷ்மி என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்காக அக்ரஹாரத்தில் நலங்குப் பாட்டுகளைப் பதிவு செய்தாள். நல்ல பெண். பதிவுகளை எல்லோரும் கேட்கட்டும் என்று இணையத்தில் வைத்தாள். அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஷிஜா அனுப்பிய நோட்டீசுக்குக் கம்பெனி பதில் போட்டது. இரண்டு ஆதாரம் காட்டியிருந்தார்கள்.

முதல் ஆதாரம்: ரேஷ்மியின் பதிவு. பாட்டு முடிந்ததும் அவள் "இது யார் எழுதினது, மாமி?" என்று கேட்கிறாள். ஏழெட்டுப் பெண்கள் ஒரே குரலில், "ஊர்ப் பாட்டு!" என்கிறார்கள். அதில் எல்லோருக்கும் முந்திக்கொண்டு, மற்றவர்களைவிட உரக்கக் கேட்கிற குரல் நீலாம்பாளுடையது.

"எதுக்கு அப்படிச் சொன்னேள்?" என்று ஷிஜா தலையில் கைவைத்தாள். எங்கள் தமிழ் அவள் கரமனைக் கட்சிக்காரர்களிடம் கற்றது. கொஞ்சம் நன்றாகவே கற்றிருக்கிறாள்.

"கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"மாமி, அது கேட்டது சம்பந்தி இல்லையே. ஒரு ஸ்டூடன்ட்."

"வாய் பழகிப் போச்சு" என்றாள் நீலாம்பாள். "கேள்வி காதில விழறதுக்கு முன்னாடியே பதில் வந்துடும். அத்திம்பேர் அங்கே வாசல்ல பேப்பர் படிச்சிண்டிருந்தார் வேற."

உண்மை. படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவள் அவ்வளவு உரக்கச் சொன்னாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஆதாரம்: என் புத்தகம்.

என் எழுபதாம் வயது சாந்திக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி அச்சிட்டேன். அதில் என் கல்யாணத்தைப் பற்றிய அத்தியாயத்தில் இப்படி இருக்கிறது: "காலை உணவின்போது ஏற்பட்ட சிறு மனஸ்தாபத்தால் என் தகப்பனார் பந்தலை விட்டு வெளியேறி, பத்மநாப சுவாமி சன்னிதியில் மனம் அமைதியுற்று, முகூர்த்தத்துக்கு முன் திரும்பினார்." கம்பெனி வக்கீல் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருந்தார். வாதம் சுருக்கமானது. பாட்டில் வரும் சம்பந்தி ஓட்டலுக்குப் போகிறார்; இந்தம்மாவின் சம்பந்தி கோவிலுக்குப் போனார் என்று அவர் மகனே எழுதியிருக்கிறார்; ஆகவே பாட்டு இவர்களைப் பற்றியது அல்ல; ஆகவே அந்தக் கல்யாணத்தில் கட்டியது அல்ல; ஆகவே பழைய பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை.

புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் "உரிமை ஆசிரியருக்கே" என்று போட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு நானே சொந்தக்காரன். என் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு அறுபது வருஷமும்.

6

இப்போது நடந்ததைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. மூன்று நாளாக இந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று காலை டிபன் பந்தியில் என் தகப்பனார் இலைமுன் உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "இது சாம்பாரா, கரமனை ஆத்துத் தண்ணியா?" என்று கேட்டார். பெண்ணின் தகப்பனார் கைகட்டி நின்றார். என் தகப்பனார் இலையை மடித்துவிட்டு எழுந்து வாசலைத் தாண்டி—

(தாண்டினார். எங்கள் வீட்டில் கோபப்பட்டு எழுந்தவர்கள் உடனே திரும்பி வந்ததில்லை. அது எங்கள் குடும்பத்தின் நடை. அதில் எனக்கு இன்றும் வெட்கம் ஒன்றுமில்லை.)

முகூர்த்தம் நெருங்கியது. பெண் வீட்டில் அழுகை. அப்போது அவர் தானாகவே திரும்பி வந்தார். "கோவிலுக்குப் போய்ச் சாமி பார்த்துட்டு வந்தேன்" என்றார். நீலாம்பாள் வாசலில் ஆரத்தி சுற்றினாள். தாலி கட்டி முடிந்து நானும் ஜெயலக்ஷ்மியும் அவரை நமஸ்கரித்தோம். எழும்போது அவர் குனிந்து ஆசீர்வதித்தார். அவர் அங்கவஸ்திரத்தின் நுனி என் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. அதில் மஞ்சளாக ஒரு கறை. கறையின் நடுவில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்மநாப சுவாமி கோவிலில் கறிவேப்பிலைப் பிரசாதம் கிடையாது.

தம்பானூரில் ரயிலுக்கு ஆள் அழைக்கப் போன பெண் வீட்டு மாமா ஒருவர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் ஓட்டலில் என் தகப்பனார் சாம்பாரை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டு வந்து நீலாம்பாளின் காதில் சொன்னார் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. அந்த மாமா இப்போது இல்லை. அந்த ஓட்டலும் இல்லை. ஆரத்தி சுற்றும்போது கறிவேப்பிலையைப் பார்த்தவள் நீலாம்பாள். நமஸ்கரித்து எழும்போது பார்த்தவன் நான். வேறு சாட்சி கிடையாது. ஷிஜா என் பக்கம் தள்ளிய தாள் இதைச் சொல்லும் சாட்சிப் பத்திரம்தான்.

ஜெயலக்ஷ்மியைக் கேட்டேன். "நான் தலை குனிஞ்சிண்டிருந்தேன்" என்றாள். "கல்யாணப் பொண்ணுன்னா அதுதானே வேலை."

7

பாட்டை ஏன் இன்னும் எழுதவில்லை?

இந்தக் கதையில் பாட்டைச் சேர்க்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்த அன்றே முடிவு செய்தேன். ஆனால் இதில் ஐந்தாம் அடியிலிருந்து மட்டும் போடலாம், முதல் நாலு அடியைப் புள்ளி வைத்துவிடலாம் என்று இருந்தேன். பாட்டுக்கு ஒரு சொந்தக்காரி உண்டு என்று வழக்கு நடக்கிறபோது கேட்காமல் எடுத்தாள்வது முறையல்ல என்பதால் நீலாம்பாள் வீட்டுக்குப் போய் அனுமதி கேட்டேன். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள்.

எழுந்து நின்று வரவேற்றாள். காப்பி கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அத்திம்பேரே, போடறதானா முழுசாப் போடுங்கோ. வெட்டி ஒட்டி வேண்டாம்."

"சில அடிகள் கதைக்குத் தேவையில்லை."

"அந்தக் கிடார்க்காரியும் அப்படித்தான் நினைச்சிருப்பா. தம்பானூர் தேவையில்லைன்னு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

"நான் வேற ஒண்ணும் கட்டினதில்லை, தெரியுமா? பத்தொன்பது வயசில கட்டினேன். நன்னா வந்துடுத்து. அதுக்கப்புறம் எத்தனையோ முயற்சி பண்ணினேன், அது மாதிரி வரலை. நான் பண்ணின நல்ல காரியம் அது ஒண்ணுதான். அம்பது வருஷம் ஊர்ப் பாட்டுன்னேன். உங்களுக்குப் பயந்துண்டு இல்லை, அக்கா உங்க ஆத்துல இருந்தா. இப்போ யாரோ ஒருத்தன் அவனோடதுங்கறான். பைசா வேண்டாம் எனக்கு. பேர் போடட்டும். இன்னொண்ணும் சொல்றேன். நீங்க அந்தத் தாளில கையெழுத்துப் போட்டாத்தான் உங்க கதைக்குப் பாட்டைத் தருவேன். போடலைன்னா தரமாட்டேன். கோவிச்சுக்கப்படாது."

"கோவிச்சுண்டு எங்கே போறது?" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் சிரித்தது நியாயம்தான்.

(ஷிஜாவிடம் பிறகு கேட்டேன். பாட்டின் சொந்தக்காரிக்கு இப்படி நிபந்தனை போட உரிமை உண்டா என்று. "உண்டு சாரே. பேர் போடச் சொல்லவும், வெட்டாதேன்னு சொல்லவும் பாட்டு கட்டினவங்களுக்கு உரிமை உண்டு. பாட்டை வித்துட்டாலும் அது போகாது" என்றாள். "அப்போ ஏசப்பட்டவனுக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "அவருக்குக் கேட்டுட்டிருக்க உரிமை உண்டு.")

8

இந்த இடத்தில் ஒரு வில்லன் வந்தால் கதைக்கு நல்லது. வந்தார். ஆனால் வில்லனாக இல்லை, அதுதான் சங்கடம்.

கம்பெனியிலிருந்து அனீஷ் என்பவர் போன் செய்தார். என்னை "சாரே" என்றார். குடும்ப வரலாற்றை வாசித்ததாகவும் பாஷை நன்றாக இருந்ததாகவும் சொன்னார். (எங்கள் குடும்பத்துக்கு வெளியே அதைப் படித்துப் பாராட்டிய முதல் ஆள் அவர். அதை நான் மறைக்கவில்லை.)

"சாரே, ஞான் ஒரு காரியம் பறயட்டே? இந்தப் பாட்டில சாரோட ஃபாதரைப் பத்தி ஒண்ணும் இல்லை. தஞ்சாவூர்னு மாத்தியாச்சு. ஆர்க்கும் அறியாது. சார் அஃபிடவிட்டில ஒப்பு போட்டா, அது கோர்ட் ரெக்கார்டாகும். பேப்பர்ல வரும். 'சாம்பார் சம்பந்தி'ன்னு போடுவாங்க. எதுக்கு இந்த வயசில? சார் ஒண்ணும் செய்யண்டா. சும்மா இருந்தா மதி."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்றால் கறிவேப்பிலையும் யாருடைய அங்கவஸ்திரத்திலும் ஒட்டவில்லை. என் தகப்பனார் கோவிலுக்குத்தான் போனார். ஐம்பது வருஷமாக நான் காத்துவந்த மானத்துக்கு, ஒரு செலவும் இல்லாமல், காவலுக்கு ஆள் போடுகிறேன் என்கிறார்.

"யோசிக்க வேண்டும்" என்றேன். நான் யோசிக்க வேண்டும் என்று சொன்னால் அது பெரும்பாலும் சம்மதம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். "தாங்க்ஸ் சார்" என்று சந்தோஷமாக வைத்தார்.

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் எழுத ஓடவில்லை. ஜெயலக்ஷ்மி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

சொன்னேன்.

"ஓஹோ" என்றாள். இரண்டு காய் நறுக்கினாள். "உங்கப்பா குளிக்கறச்சே அந்தப் பாட்டைத்தான் பாடுவார்."

"யார்?"

"உங்கப்பாதான். கதவைச் சாத்திண்டு. நாலாம் அடி வந்தா ரெண்டு தரம் பாடுவார். வெந்நீர் எடுத்து வைக்கறது நான், எனக்குக் கேக்காதா?"

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. எழுந்து எழுந்து கை அலம்பப் போயிண்டிருந்தேள்."

(இதை நான் கற்பனை செய்யவில்லை. ஆனால் அவள் செய்திருக்கலாம். தங்கைக்காக ஒரு பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல அவள். ஒரு நல்ல எழுத்தாளன் இப்படி ஒரு செய்தியை வைத்துக் கதையைத் திருப்புவான்: தகப்பனாரே பாடினார், மகன் மனம் இளகியது, கையெழுத்து விழுந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் தகப்பனார் குளியலறையில் என்ன பாடினார் என்பதை நம்பி நான் ஒரு முடிவு எடுக்கப்போவதில்லை. இந்தப் பத்தியை அடைப்புக்குள் வைத்துவிட்டு மேலே போகிறேன்.)

9

என் முடிவுக்குக் காரணம் தஞ்சாவூர்.

என் தகப்பனார் வாழ்நாளில் தஞ்சாவூர் போனதில்லை. நாங்கள் நாஞ்சில் நாட்டு மனுஷர்கள். கோபித்துக்கொண்டால் தம்பானூர் வரைக்கும் போவோம். அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது.

எழுதும்போது எனக்கே தெளிவாகிறது. கல்யாணத்தில் பெண் வீட்டார் எங்களுக்குக் குத்துவிளக்கு கொடுத்தார்கள், வெண்கலப் பானை கொடுத்தார்கள், பெண்ணைக் கொடுத்தார்கள். அவர்களுடைய சாம்பாரைக் குறை சொல்லி நாங்கள் அழவைத்ததற்குப் பதிலாக ஓர் ஏசலும் கொடுத்தார்கள். அதுவும் சீரில் சேர்ந்ததுதான். சமமாக நிற்கிறவர்கள் சமமானவர்களுக்குக் கொடுப்பது. எங்களை ஏச எங்களுக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். வழியில் போகிற ஒருவன் அந்தச் சீரை எடுத்துக்கொண்டு போய், ஊரை மாற்றி, ஆளை அழித்து, தன் பெயரை ஒட்டிவைப்பான். என் மானம் பத்திரமாக இருக்கிறது என்று நான் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும் என்றால், அந்த மானத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

நடந்ததற்கு உரிமையாளர் கிடையாது என்று ஷிஜா சொன்னாள். சாம்பார் சிந்தியது, கறிவேப்பிலை ஒட்டியது, இதெல்லாம் வெறும் செய்தி; யாரும் சொல்லலாம். சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. அப்படியானால் நான் இத்தனை வருஷம் காவல் காத்தது எதை? செய்தியை என்னால் காக்க முடியாது. ஊருக்கே தெரியும். சொன்ன விதம் நீலாம்பாளுடையது. எனக்கென்று மீதி இருப்பது அந்தக் கோவில் வாக்கியம் ஒன்றுதான். அதைத் திருத்த எனக்கு முழு உரிமை இருக்கிறது. புத்தகத்திலேயே போட்டிருக்கிறேனே.

ஊர்ப் பாட்டு என்று பெண்கள் சொல்வது சம்பந்தியின் கோபத்துக்குப் பயந்து. ஆகவே கட்டினவளின் பெயரை வெளியே சொல்லலாம் என்று விட்டுக்கொடுக்க வேண்டியவன் சம்பந்திதான். வேறு யாராலும் முடியாது, கோர்ட்டாலும் முடியாது. எங்கள் பக்கத்தில் மூத்தவன் இப்போது நான்.

அனீஷுக்கு நானே போன் செய்தேன். யோசித்துவிட்டேன் என்றேன். "சார், அப்போ…?" என்றார். "தஞ்சாவூரை எடுத்துவிடுங்கள். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது" என்று சொல்லி வைத்தேன்.

10

முடிவுகள்.

(அ) கிழவர் வஞ்சியூருக்குப் போகிறார். தாளில் கையெழுத்துப் போடுகிறார். நீலாம்பாள் கண்கலங்குகிறாள். வெளியே மழை. — இதை எழுதப்போவதில்லை. நீலாம்பாள் கண்கலங்குகிறவள் இல்லை. "மழை" என்று எழுதினாலே எனக்கு என்மேல் நம்பிக்கை போய்விடுகிறது.

(ஆ) கிழவர் போகிறார், கடைசி நிமிஷத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். குடும்ப மானம் வென்றது. — எட்டாம் பகுதிவரை இதைத்தான் எழுதிவைத்திருந்தேன். நல்ல தமிழில் இருந்தது. கிழித்துவிட்டேன்.

(இ) வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, கிடார்ப் பாட்டுக்குக் கீழே நீலாம்பாளின் பெயர் ஏறுகிறது. — தெரியாது. வஞ்சியூரில் எதுவும் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. எனக்கு எழுபத்தேழு வயது, அவளுக்கு எழுபது. தெரியாததை நடந்ததாக எழுதும் வேலையை விட்டுவிட்டேன்.

ஆகவே முடிவை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நீலாம்பாளின் நிபந்தனை உங்களுக்கு நினைவிருக்கும். நான் கையெழுத்துப் போட்டால்தான் பாட்டு இந்தக் கதைக்குள் வரும். வந்தால் முழுவதும் வரும். இந்த வரிக்குக் கீழே வெறும் தாளாக இருந்தால், கோலப்பன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தால், பாடிப் பாருங்கள். சிரிக்கலாம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கோபமில்லை என்று மூத்தவன் என்ற முறையில் சொல்லிவிட்டேன். நாலாம் அடியில் யாருக்காவது கை அலம்ப வேண்டியிருந்தால் எழுந்து போகலாம். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோவிச்சுண்டு போனாராம் சம்பந்தி மாமா – எங்க
குழம்பு தண்ணி ஆச்சுதுன்னு சம்பந்தி மாமா
தம்பானூர் போனாராம் சம்பந்தி மாமா – அங்கே
சாம்பாரில் கைநனைச்சார் சம்பந்தி மாமா

சாமி பார்க்கப் போனேன்னு சத்தியம் பண்றார் – அவர்
சால்வையிலே* கறிவேப்பிலை சாட்சி சொல்லுதே
வாயைத் துடைச்சுண்டு வந்து வசனம் பேசறார் – அந்தக்
கையை மோந்து பார்த்தாக்க கதை தெரியுமே

சொல்லும் மெட்டும்: நீலாம்பாள், கரமனை.
ஏசப்பட்டவர்: பூதலிங்கய்யர், பூதப்பாண்டி.
பாட்டு முழுவதும் ஆசிரியரின் அனுமதியுடன்.

* அது சால்வை அல்ல, அங்கவஸ்திரம். சொல்லிப் பார்த்தேன். மாற்றமாட்டாளாம். அவள் உரிமை.